பதினோராம் கூடு

படிவத்தில் அந்தச் சொல்லுக்கு வந்ததும்
என் மொழிபெயர்ப்பு தடக்கியது.
'நிர்ப்பீடனம் குன்றிய சுண்டெலி' என்று வாசித்தேன்.
இன்னாசிமுத்து என்னைப் பார்த்தார்,
நான் ஏதோ சிங்களத்தில் வாசித்தது போல.

"நோயை எதிர்க்கத் தெரியாத எலி, ஐயா.
உங்கட நாக்கில வெட்டப்போற கட்டியில ஒரு துண்டை
அதுக்குள்ள வளர்ப்பம்.
மருந்தை முதல்ல அதுக்குக் குடுத்துப் பாப்பம்."

இரண்டு விரலுக்கு மேல் திறக்காத வாயால் சிரித்தார்.
"துறைமுகத்தில, மாக் கிடங்கில,
முப்பத்தாறு வருசம் எலிக்கு மருந்து வெச்சவன் நான், தங்கச்சி.
கணக்குத் தீக்கக் கூப்பிடுது."
பிறகு நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்,
கடைசி எழுத்தின் வாலைக் கோட்டுக்கு வெளியே இழுத்து.

நாரஹேன்பிட்டி. நாலாம் மாடி.
இரண்டு கதவு, இரண்டு சோடி கையுறை,
அவித்த மரத்தூள், கொதித்து ஆறிய தண்ணீர்,
வடிகட்டிய காற்று.
103இல் என்னோடு ஏறிய இருமல்களையெல்லாம்
வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம்.

கூட்டில் அவை,
மயிரில்லாமல், வெளிச்சம் ஊடுருவும் காதுகளோடு,
பிறந்த அன்றைய சுருக்கம் இன்னும் நிமிராமல்.
நெஞ்சில் தைமஸ் இருக்க வேண்டிய இடம் வெறுமை.
அந்நியம் எதுவென்று அந்த உடம்புக்குச் சொல்லிக் கொடுக்க
உள்ளே ஆளில்லை.

நான் வளர்ந்ததோ கேள்வி கேட்கும் நகரத்தில்.
பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூடப் பையைத் திறந்து காட்டி,
எங்கே பிறந்தாய், யாரோடு இருக்கிறாய்,
பொலிஸ் பதிவு எங்கே.
ஆகவே எவரிடமும் எதுவும் கேட்காத ஓர் உடம்பை
முதல்முறை உள்ளங்கையில் வைத்தபோது
கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.
அதன் விலாவில் இன்னாசிமுத்து
பயறளவு ஆனார். கடலையளவு ஆனார்.
கேளாமல் விட்டதையும்
வேணியர் இடுக்கிமானியால் நான்தான் அளந்தேன்.

பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் போன நாட்களில்
பொரளையில் டீசல் வரிசையில் கேனோடு நின்றேன்.
"யாருக்கு, மிஸ்?" என்றார் முன்னால் நின்ற ஓட்டோக்காரர்.
"ஆஸ்பத்திரி வேலை."
பால்மாவுக்கு மனிதர் நிற்கும் தெருவில்
எலிக்குக் காற்று வாங்க நிற்கிறேன் என்று
எந்த வாயால் சொல்ல?

அந்த ஒக்டோபரில் கொட்டாஞ்சேனைச் சுவரொன்றில் அவரைக் கண்டேன்.
முப்பத்தோராம் நாள் நினைவு.
பழைய படம்: வாய் முழுக்கத் திறந்து,
வெற்றிலைச் சிவப்போடு சிரிக்கிறார்.
சுவரைக் கடந்து போன பிறகுதான் உறைத்தது,
காலையில்தான் அவரை அளந்துவிட்டு வந்திருக்கிறேன்.

முதல் எலியிலிருந்து இரண்டாவதுக்கு.
அதிலிருந்து ஐந்துக்கு. இப்போது மூன்றாம் தலைமுறை.
ஆயிரத்து ஐந்நூறு கன மில்லிமீற்றரைத் தாண்டினால்
காபனீரொட்சைட்டு.
விதியும் அதுதான், இரக்கமும் அதுதான் என்கிறது கையேடு.
மூடியைத் திறந்து கையில் எடுக்கும்போது
அவை என் சூட்டைத் தேடி ஒடுங்குவதைப் பற்றி
கையேட்டில் பக்கம் இல்லை.
கலாநிதி செனெவிரத்னவிடம் ஒருமுறை கேட்டேன்.
அவர் கண்ணாடியைத் துடைத்தார், நீண்ட நேரம்.

ஞாயிறு. நான் மட்டும்.
பதினோராம் கூட்டில் அது
கடதாசித் துண்டைப் பல்லால் கிழித்துக் கிழித்து
ஒரு மூலையில் படுக்கை போடுகிறது,
விலாவில் இருப்பது தன்னுடையதில்லை என்று அறியாமல்.
ஒன்பது தசம் நான்கு. ஏழு தசம் ஒன்று.
பெருக்கிப் பார்க்கிறேன்: இருநூற்று முப்பத்தேழு.
போன ஞாயிறு இருநூற்று நாற்பத்தொன்பது.

மருந்தாக இருக்கலாம்.
என் கைநடுக்கமாகவும் இருக்கலாம்.
இன்னொருமுறை அளக்கிறேன்.
ஐயா, கொஞ்சம் அசையாமல் இருங்கோ.