பத்து மைக்ரோலிட்டர்

“ஏனுங்க மேடம், உள்ளே ஐஸ்கிரீமுங்களா?”
பீளமேட்டு வெயிலில்
கூரியர்காரர் கையில் தெர்மகோல் பெட்டி வியர்த்திருந்தது.
கேட்டு நாற்பத்தியோரு நாள்.
உள்ளே சுண்டுவிரல் நுனியளவு குப்பி,
அதன் அடியில் ஒரு சொட்டு.
துறைத் தலைவர் கையெழுத்துப் போடுமுன்
இரண்டு தரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்ட விலை.

லேபிளில் எழுதியிருந்தது:
முயல். பாலிகுளோனல்.
மனிதப் பெராக்ஸிசோம் சவ்வுப் புரதம், எழுபது கிலோடால்டன்.
முயலுக்குப் பெயர் இல்லை, லாட் எண் உண்டு.
எங்கோ குளிர்தேசத்துக் கூண்டில்
நம் புரதத்தின் வால்நுனியை ஊசியில் ஏற்ற
‘இது என்னுடையதல்ல’ என்று
வாரக்கணக்காய்க் கறுவியது அதன் ரத்தம்.
அந்தக் கறுவலை வடித்து
ஐஸில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

பத்துப் பத்தாய்ப் பிரித்து வைத்தேன்.
கரன்ட் போய்ப் போய் வரும் மாதம் இது.
உருகி உறைந்து உருகினால்
அதற்கும் முகம் மறந்துபோகும்.

சோமனூர் சென்னியப்பன் மகள்
எங்கள் நோட்டில் எஸ்.எம். நான்கு.
ஐந்து மாதம் இருந்தாள்.
முன்கையில் எடுத்த மிளகளவு தோல் மட்டும்
முப்பத்தேழு டிகிரியில் இன்னும் பெருகுகிறது.
மீடியம் மாற்றும்போது
அவளுக்கு என்று நினைக்காமலிருக்கப் பழகிக்கொண்டேன்.
பழகவில்லை.

ஐந்நூற்றில் ஒரு பங்கு. நாலு டிகிரி. ஒரு ராத்திரி.
ஊர் தெரியாத ஒறம்பரை மாதிரி
செல்லுக்குள் சந்து சந்தாய்
ஒரே ஒரு வீட்டை விசாரித்துக்கொண்டு போகும்.
கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும்.
கிடைக்காவிட்டால்
காலையில் கழுவுகிற தண்ணீரோடு போய்விடும்.

இருட்டறை.
முதல் கண்ணாடிச் சில்லில் யாரோ ஒருவரின் நல்ல செல்:
களத்தில் ராகி இறைத்ததுபோல் பச்சைப் புள்ளிகள்.
அடுத்தது அவள்.
எண்ணிவிடலாம். ஏழு, எட்டு,
ஓரத்தில் ஒன்று. ஒவ்வொன்றும் ஊதிப் பெருத்தது.
சவ்வு இருக்கிறது. எழுபது இருக்கிறது,
கொழுப்பை உள்ளே தள்ள வாசலிலேயே நிற்கிறது.
உள்ளேதான் ஒருவரும் இல்லை.
அங்கே இருக்கவேண்டிய கேட்டலேஸ்
செல்லெங்கும் சிவப்பாய்ச் சிந்திக் கிடக்கிறது.
சுவர் எழுப்பி, ஓடு வேய்ந்து, லைன் இழுத்து,
தறி வந்து இறங்காத ஷெட்.
பாவு நூல் முழுக்க வெளியே மழையில்.

வெறுமை என்று சும்மா சொல்லிவிட முடியாது.
சுவர் இருப்பதை முதலில் ஒருவர் காட்டவேண்டும்.
பெயரில்லாத முயல் காட்டிவிட்டது.

சாயங்காலம் சென்னியப்பன் போன் செய்தார்.
பின்னால் தறி.
“ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?
வீட்ல மறுக்கா மூணு மாசமுங்க.”
“டாக்டர்தான் சொல்லணுமுங்க” என்றேன்.
“சரிங்க” என்றார்.
வைக்கவில்லை. நானும்.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும்
தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஃப்ரீசரில்
இன்னும் ஒன்பது குழாய் இருக்கிறது.