ஊதாக் குடுமி

ஜூன். இரவு பத்தரை. வெயில் இன்னும் கிளம்பவில்லை.
ஸ்டெய்ன்வோர் படிவத்தில் கோடு கிழிக்கிறாள்:
இடப்பக்கம் மண்ணுக்குரியவை,
வலப்பக்கம் வந்தேறிகள்.

பாசி, இடம்.
நரி, உறைந்த கடல்மேல் நடந்து வந்ததாம்;
பார்க்க அப்போது ஆளில்லை, ஆகவே இடம்.
ஆடும் குதிரையும் படகில் வந்தன,
அவளுடைய முப்பதாம் பாட்டனும் அதே படகில்.
அவனுக்குப் படிவத்தில் கட்டமில்லை.

லூபின், வலம். யோசிக்கவே வேண்டாம்.
கரிமணல் பறந்து ஐஸ்லாந்தே கண்ணைக் கசக்கிய நாளில்
அலாஸ்காவிலிருந்து கைப்பிடி விதையாக வந்தது.
மணலை நிற்க வைத்தது.
தனக்குத்தான் நிற்கத் தெரியவில்லை;
தைம் பூவை, குறும்பழச் செடியை,
நடந்தால் மெத்தென்ற பாசியை
ஊதாவில் முக்கிவிட்டது.

அரிவாளோடு குனிந்தாள்.
தண்டுகளுக்கிடையே உள்ளான் கூடு.
நான்கு முட்டை. தொட்டால் சூடு.
மேலே ஆண்பறவை வாலிறகால்
காற்றைக் கனைக்க வைத்துக்கொண்டிருந்தது;
இவ்வூரில் அதற்குக் குதிரைக்குயில் என்று பேர்.

கூட்டைச் சுற்றி ஒரு முழம் விட்டு
மற்றதெல்லாம் அறுத்தாள்.
வண்டி வரை போய்த் திரும்பிப் பார்த்தால்
மொட்டைச் சரிவில் ஒற்றை ஊதாக் குடுமி,

மண்ணுக்குரிய அண்டங்காக்கைக்கு
விலாசம் எழுதிக் கொடுத்ததுபோல.