மூக்கு இரவல்

ஏப்ரல் கடைசி. டார்கவில்லில் மழை விட்டிருந்தது.
காரை வெளியே தள்ளிவிட்டு
கொட்டகையில் அடுப்பு வைத்தேன்.
இருபத்தைந்து லிட்டர் பானை,
தபாலில் வந்த தாமிரக் குழாய்.
மூடியோரம் கசிந்த ஆவியை
மாவு பிசைந்து அடைத்தேன்.
அது வெந்து ரொட்டியானது.
அன்று உருப்படியாக விளைந்தது
முதலில் அதுதான்.

நியூசிலாந்தில் இதற்குத் தடையில்லை.
குற்றம் செய்யும் குறுகுறுப்புகூட இல்லாமல்
ஒரு மனிதன் முக்காலியில் உட்கார்ந்து
வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
அறுபது. அறுபத்தொன்று. அறுபத்தொன்று.
அறுபத்தொன்று.
சிறுநீர் கழித்துவிட்டு வந்தால் எழுபத்தெட்டு.
குழாயின் நுனியில் ஒரு சொட்டு
விழலாமா என்று யோசித்தது.
விழுந்தது.

முதலில் வருவது நஞ்சு, கொட்டிவிடு;
நடுவில் வருவதை வைத்துக்கொள்;
கடைசியில் வருவது கழிசல்
என்றது கையேடு.
எது எங்கே முடிகிறது?
"உங்கள் மூக்கு சொல்லும்."

என் மூக்கு ஒன்றும் சொல்வதில்லை.
இரண்டு குளிர்காலத்துக்கு முன்
காய்ச்சலோடு போன வாசனை திரும்பவில்லை.
பால் திரிந்ததைக் கண்ணால் பார்த்து அறிகிறேன்.
சர்க்கரைவள்ளிக் கிடங்கில்
அழுகலைப் பொறுக்குவது என் வேலை.
விரலால் பொறுக்குகிறேன்.
மேலாளருக்கு இன்னும் தெரியாது.

ஜாம் புட்டிகள் பன்னிரண்டு.
எண் ஒட்டி, வந்த வரிசையில் நிரப்பினேன்.
எல்லாம் ஒரே தண்ணீர். ஒரே பளபளப்பு.
ஒன்றில் பொழுது போகும்,
ஒன்றில் பார்வை போகும்,
எதில் எது?

வேலிக்கு அப்பால் ஹூயியா
பள்ளிப் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
மூன்று வருடமாகப் பேச்சில்லை.
அவளுடைய ஃபெய்ஜோவா மரம்
என் புல்வெளிமேல் சாய்ந்து
பச்சைப் பழங்களை முட்டை முட்டையாக உதிர்க்க,
நான் நகரசபைக்கு எழுத,
ரம்பத்தோடு ஒருவன் வர,
என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்த்தவளிடம்
"என் பக்கம் மூக்கை நுழைக்காதே" என்று
நான் கத்தியது
அவள் நாய்க்குக்கூட நினைவிருக்கும்.

தட்டில் பன்னிரண்டு புட்டியோடு
வேலியருகே போய் நின்றேன்.
"ஹூயியா,
கொஞ்சம் மூக்கை நுழைக்க முடியுமா?"

தண்ணீரை நிறுத்தினாள்.
கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டாள்.
சிரிக்கவில்லை.
ஒன்று: "நகப்பூச்சு அழிப்பது."
இரண்டு: "அதுவேதான், இன்னும் கோபமாக."
மூன்று: "கோந்து. என் பேருந்தின் கடைசி வரிசை."
நான்குக்குத் தும்மினாள்.
ஐந்தை விளக்கில் பிடித்துப் பார்த்தாள்,
வாசனை கண்ணுக்குத் தெரியும் என்பதுபோல.
ஆறுக்குப் பேச்சில்லை.
ஏழை எடுத்தவள் கீழே வைக்கவில்லை.

"டூகல், இது என் மரம்."

விழுந்த பழம், என் புல்,
எப்படியும் அழுகப்போவது,
சட்டப்படி பார்த்தால்
என்று என்னென்னவோ வாயில் வந்தது.
"வெட்டின கிளையில் ஏது பழம்?" என்றாள்.
"திரும்பத் தழைத்தது.
இந்த முறை நான் யாருக்கும் எழுதவில்லை."

நாய் வேலியிடுக்கில் என் காலை மோந்தது.
அதற்குக்கூட என்னைவிட அதிகம் தெரியும்.
"எப்படி இருக்கிறது? ஏழு?"
யோசித்தாள்.
"அன்னாசி ஒன்று
சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு
துவட்டாமல் வந்து நிற்கிற மாதிரி."

எட்டும் அப்படியே, கொஞ்சம் துவட்டியபின்.
ஒன்பது தேறலாம்.
பத்து, நனைந்த அட்டைப்பெட்டி.
பதினொன்றுக்கு நாயைப் பார்த்தாள், சொல்லவில்லை.
பன்னிரண்டைத் திறக்கவே விடவில்லை.

ஏழை எடுத்துக்கொண்டு படியேறினாள்.
"வாடகை" என்றாள்.
மூக்குக்கா மரத்துக்கா,
நான் கேட்கவில்லை.

முதல் மூன்றைக் களைச்செடிக்கு ஊற்றினேன்.
எட்டில் தண்ணீர் கலந்து ஒரு வாய் குடித்தேன்.
நெருப்பு. லேசாக இனிப்பு.
அதற்குமேல் என்னிடம் வந்து சேரவில்லை.
பானை விளிம்பில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டித்
தின்று பார்த்தேன்.
உப்புப் போட மறந்திருக்கிறேன்.