மேடு, பள்ளம்

குன்னூர் பஸ் ஸ்டாண்டில்
உள்ளே போக ஆளுக்கு ஐந்து ரூபாய்.
மேஜைமேல் ஒரு சோப்பு டப்பா, பினாயில் நெடி,
பிளாஸ்டிக் தட்டில் நாள் முழுக்கச் சில்லறை.
கூட்டம் ஓய்ந்த மத்தியானத்தில்
நூற்றிருபது ரூபாய் லென்ஸை
வலது கண்ணில் இடுக்கிக்கொள்வேன்.

பிலோமினா வாளியை வைத்துவிட்டுச் சிரிப்பாள்:
“மூத்திரக் காசுல என்னடி ரத்தினம் தேடுற?”

காசைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்,
ட்யூப்லைட் ஓரமாய் வழியும்படி.
கோடு பள்ளமாய்த் தெரிந்தால் கீறல்.
சாவிக்கொத்தோடு ஒரே பையில் கிடந்தது,
கண்டக்டர் கம்பியில் தட்டியது,
யாரோ பீர் மூடியைக் கிளப்பியது.
தட்டிலேயே போட்டுவிடலாம்.
கோடு மேடாய் எழுந்து நின்றால்
அச்சே விரிசல் விட்டிருக்கிறது.
அதற்கு விலை உண்டு.

பிறக்கும்போதே இருந்த குறைக்குக் காசு;
பிறகு பட்ட அடிக்கு ஒன்றும் கிடையாது.
இதைச் சொன்னவர் ஷம்சுதீன்.
மாதம் ஒருமுறை மேட்டுப்பாளையத்திலிருந்து வருவார்,
பத்து ரூபாய்க் காசை வாங்காத கண்டக்டரோடு
சண்டை போட்டுக்கொண்டே.

சீசன் முடிந்த வாரம்
தட்டில் ஒரு செம்புக் காசு.
எந்த நாட்டுச் சென்ட்டோ.
மூடுபனிக்குள் நீண்ட கையிடமிருந்து
மஞ்சள் ஐந்து ரூபாய் என்று நம்பி வாங்கியிருக்கிறேன்.
காந்தம் ஒட்டவில்லை. உள்ளே துத்தநாகம்,
மேலே வெங்காயத் தோல் அளவுக்குச் செம்பு.
லென்ஸுக்குள்,
அந்த மனிதரின் தாடைக்குக் கீழே ஒரு கொப்புளம்,
எழுத்துகளுக்கு நடுவே இன்னும் நான்கு,
தோசைமாவு கல்லில் மூச்சு விட்டதுபோல்.

எல்லாமே மேடு!

அன்று இரவு படுத்தபடியே
கூரைக்கு மூன்று ஷீட் வாங்கினேன்,
டியூஷன் பாக்கியைத் தீர்த்தேன்,
மீதிக்கு என்ன செய்வது என்று விழித்திருந்தேன்.

ஷம்சுதீன் வர ஐந்து வாரம் ஆனது.
பர்லியார் பக்கம் மண் சரிந்து பாதை அடைத்திருந்தது.
பார்த்தார். உடனே திருப்பித் தந்தார்.
“பூச்சுக்கு அடியில காத்து மாட்டிக்கிச்சும்மா.
பிறவிக் குறைதான், இல்லைங்கல.
ஆனா இந்த மலிவுக் காசுல பாதிக்கு இது இருக்கு.
ஊருக்கே இருக்கிற குறைக்கு
யாரு விலை தருவா?”

சோப்பு டப்பாவில் போட்டு வைத்தேன்.
ஐப்பசி ஈரத்தில் ஒரு கொப்புளம் தானே வெடித்து
உள்ளேயிருந்து வெள்ளையாய்ப் பொடி.
அதை மேடு என்பதா, பள்ளம் என்பதா,
நகத்தால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கையில்

“அக்கா, சில்லறை இல்ல, வரும்போது தந்துடறேன்.”

தரமாட்டாள்.
போ என்று கை காட்டினேன்,
லென்ஸைக் கழற்றாமலே.
அவள் ஒரு நொடி
பெரிய மங்கலாய்க் கண்ணை அடைத்துவிட்டு
கதவைச் சாத்திக்கொண்டாள்.