கூரையில் ஒரு கைப்பிடி

பாட்ஸ்ஃபியூரில் ஏறினால் வாட்சே
பதினெட்டு நிமிடம்.
காபி ஊற்றினால் கோப்பையைத் திரும்ப வாங்க நேரமிராது,
ஹியோர்டிஸ் மிட்டாய் மட்டும் நீட்டுவாள்.
பஸ் மாதிரிதான் எங்கள் விமானம்.
அன்று பதினொரு பேர்:
வியாழன்தோறும் வருகிற பல் டாக்டர்,
நண்டு ஆலையில் ஷிப்ட் முடிந்த இரு லிதுவேனியர்கள்,
தன் செல்லோவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்த பெண்,
மற்றவர்களை நான் கவனிக்கவில்லை.

ஜனவரி. மதியம் இரண்டு மணி.
சூரியன் நவம்பரிலேயே கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டது.
அந்த முள் சாய்வதை
முதலில் பார்த்தது நான்தான்.
இரண்டாம் ஹைட்ராலிக்.
மூவாயிரத்தில் நிற்க வேண்டியது இரண்டாயிரத்தில்.
கண்ணாடியை விரலால் சுண்டினேன்,
நின்றுபோன கடிகாரத்தைத் தட்டுகிறவன்போல், மடத்தனமாக.
ஆயிரம்.
பிறகு படுத்தேவிட்டது.

குன்வோர் என் பக்கம் திரும்பவில்லை.
"நான் ஓட்டுகிறேன். நீ வாசி, நீலாஸ்."
வாசித்தேன். முதல் வரியிலேயே
ஒரு சொல்லை விழுங்கினேன்.
"மறுபடி. மெதுவாக.
எண்ணெய்தான் போய்விட்டது,
எரிபொருள் இருக்கிறது, நேரம் இருக்கிறது."
மளிகைச் சீட்டைச் சரிபார்க்கிற குரல்.

வாட்சேயின் ஓடுதளம் துண்டுத் துணி.
கிர்கெனெஸில்தான் நீளம்,
வளைகுடாவின் அந்தக் கரையில்.
திரும்பினோம்.
அறிவிப்பு முடிந்ததும் லிதுவேனியரில் ஒருவர் கேட்டாராம்,
அங்கிருந்து வாட்சேக்கு பஸ் உண்டா என்று.
உயிரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சக்கரம் இறக்கும் நெம்புகோல்
இப்போது வெறும் அலங்காரம்.
என் தலைக்கு மேலே, கூரையில், ஒரு மூடி.
மூடிக்குள் கைப்பிடி.
பயிற்சிக் கூண்டில் இருபது தடவை இழுத்ததுதான்,
அங்கே வெண்ணெய்போல் வரும்.
இங்கே அந்த முனையில் யாரோ உட்கார்ந்து
எதிர்த்து இழுத்தார்கள்.
முதுகை ஊன்றித் தொங்கினேன்.

தடால்.

கதவு திறந்து சக்கரங்கள் விழுந்தன.
யாரும் தள்ளவில்லை,
தம் சொந்தப் பாரத்தில் விழுந்தன.
காலையிலிருந்து ஆறு ஊர்களில்
எதை எதிர்த்து எதை எதிர்த்து எழும்பினோமோ
அதுவே கீழே நின்று
எங்கள் கால்களைப் பிடித்து இழுத்து
நேராக நிறுத்தியது.

தரையில் இன்னொரு மூடி. மூக்குச் சக்கரத்துக்கு அதில் ஒரு கைப்பிடி.
மூக்கு பச்சை. இடது பச்சை.
வலது இருட்டு.

பம்பின் துளையில் தண்டைச் செருகி
அடித்தேன்.
ஊரே தண்ணீருக்கு நிற்பதுபோல் அடித்தேன்.
பதினேழு. பதினெட்டு. சட்டை ஒட்டிக்கொண்டது.
இருபத்து மூன்றாவது அடியில்
வலதிலும் பச்சை.
"ம்," என்றாள் குன்வோர்.
அவ்வளவுதான் பாராட்டு.

மூக்குச் சக்கரம் இனிப் பேச்சுக் கேட்காது.
மேற்கிலிருந்து காற்று.
தரை தொட்டதும் அவள் கால்கள் இரண்டும்
ஒன்றோடொன்று வழக்காடின,
இடது கொஞ்சம், வலது கொஞ்சம்,
கோடு எங்களை விட்டு விலகியது, திரும்பி வந்தது.
நின்றோம்.
நின்ற இடத்திலிருந்து அசைய முடியாது,
டிராக்டர் வர வேண்டும்.

தீயணைப்பு வண்டிகளின் நீல வெளிச்சத்தில்
பயணிகள் பனியில் நடந்து போனார்கள்.
செல்லோவின் ஒரு முனையைப் பல் டாக்டர் பிடித்திருந்தார்.
மெக்கானிக் ஓஸ்முண்ட் வயிற்றுப் பலகையைக் கழற்றி
டார்ச் அடித்தார்.
சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாய்,
அதில் மயிரிழைக் கீறல்.
பனியில் ஊதாக் கறை, ஒரு தட்டு அளவு.
"இவ்வளவுதானா?"
"வேறென்ன எதிர்பார்த்தாய்?"

வேனில் யாரும் பேசவில்லை.
குன்வோர் பையிலிருந்து
ஹியோர்டிஸ் கொடுத்த மிட்டாயை எடுத்தாள்.
காகிதத்தின் ஓரத்தைத் தேடினாள்.
விரல்கள் கண்டுபிடிக்கவில்லை.
மறுபடி தேடினாள்.
பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே
அதை என்னிடம் நீட்டினாள்.

பிரித்துக் கொடுத்தேன்.