ஒரு பிளா கூடுதல்

எம்ரிஸ் மாமரத்தைப் பார்த்துக் கைகூப்பினான்.
மரத்தையல்ல, அதில் தொற்றியிருந்த குருவிச்சையை.
ஒவ்வொரு வைகாசியும் அப்பா
கத்தி கட்டிய தடியோடு ஏறி
வெட்டி எறிந்த சனியன் அது.
"அவையின்ர ஊரில அது சாமி" என்றாள் சுகிர்தா.

தங்கச்சி புருஷன் வேல்ஸ்காரன். கார்டிஃபில் பஸ் ஓட்டுகிறான்.
கோயிலுமில்லை, தேவாலயமுமில்லை,
துரூயிட் என்றொரு வழி.
பழைய சமயமோ என்று கேட்டேன்.
பேர்தான் பழசு,
செய்வதெல்லாம் புதுசு,
பாதி புத்தகத்தில் எடுத்தது
பாதி மழையில் நின்று பழகியது
என்று அவள் வாயால் ஒளிக்காமல் சொன்னான்.
அதிலிருந்துதான் எனக்கு அவன் மச்சான்.

ஐப்பசி நடு.
அவர்களுக்கு அறுவடை முடிந்து இருட்டுக் காலம் தொடங்குகிற இரவு.
எங்களுக்கு அராலி வயலில் நெல் இப்போதுதான் ஒரு சாண்.
"உங்கட குளிர் இஞ்ச வராதே" என்றேன்.
"செத்தவை குளிர் பார்த்தே வருகினம்?" என்றாள் தங்கச்சி.

திசையில்தான் முதல் பிணக்கு.
முன்னோர் மேற்கே என்றான் அவன்.
தெற்கே என்றாள் அம்மா, மா பிசைந்த கையால் காட்டி.
இரண்டுக்கும் நடுவே போனோம்.
அங்கே கோழிக்கூடு.
கூட்டைத் தூக்கி அப்பால் வைத்து
தகரமொன்று சாய்த்து
கீழே சிரட்டை நெருப்பு மூட்டினோம்.

ஒடியல் கூழ்.
துறையில் விடியவே வாங்கின நண்டு,
சாம்பலில் போட்டு வைத்த பிலாக்கொட்டை,
நாலு பேருக்கு எட்டுப் பேரின் உறைப்பு.
பிளா கோலப் பழகினான் எம்ரிஸ்.
முதல் மூன்றும் ஒழுகின.
நாலாவது நின்றபோது
சின்னப் பிள்ளைபோல எல்லோருக்கும் காட்டினான்.

பேர் சொல்லச் சொல்ல ஓர் அகப்பை.
அவனுடைய தாய் க்வென்.
நெஞ்சுக்குள் நிலக்கரித் தூளோடு போன பாட்டன் இவான்.
எங்கள் அப்பா நாகேந்திரம், அவருக்கு மட்டும்
மேலே ஒரு மூடி சாராயம்.
ஷெல் விழுந்த அன்று
கிணற்றடியில் நின்ற பூரணத்து மாமி.
சுகிர்தா மூச்செடுத்தாள்.
"தயாபர..."

அகப்பை நின்றது.
"அந்தப் பக்கம் இல்லை" என்றாள் அம்மா.

ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில்
அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறவள்
கடைசிப் பிள்ளைக்கு ஒரு துளி விட்டதில்லை.
அவன் பேர் இருப்பது பிளாஸ்டிக் உறைக்குள்,
முறைப்பாட்டு இலக்கத்தோடு,
கச்சேரிக்குக் கொண்டு போகும் பையில்.
ஐயர் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார்.
அதன்பிறகு எங்கள் வீட்டில் அவருக்குத் தேத்தண்ணி இல்லை.

எம்ரிஸுக்குச் சொல் விளங்கவில்லை.
அகப்பை விளங்கியது.
கையிலிருந்த தாளைப் பார்த்தான்,
அதில் இதற்கு வரி இல்லை.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
பேர் பாதியில் நின்ற பிளாவை எடுத்துக்கொண்டு
நெருப்பைச் சுற்றி வந்து
எங்கள் வரிசையில், அம்மாவுக்குப் பக்கத்தில்,
சாயாமல் இருக்க மணலில் குழி பறித்து
நட்டான்.

அம்மா வார்த்தாள்.
நண்டின் பெரிய கால் அதற்குள் போனது.
தவறி அல்ல.

பிறகு குடித்தோம்.
மூக்கு ஓட, காது சிவக்க
எம்ரிஸ் இன்னொன்றுக்கு நீட்டினான்.
கோழிகள் புது இடத்தில் உறங்காமல் முணுமுணுத்தன.
தகரத்தில் மழை விழத் தொடங்கியது.

"கேள் பிள்ளை" என்றாள் அம்மா,
"உவையின்ர ஊரில
எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு இருப்பினமாம்?"
கேட்டாள். சொன்னான்.
நெருப்பு அணையும் மட்டும்.

அம்மா எழும்பிக் குசினிக்குள் போனாள்.
பிளாவை மூடத் தட்டம் எடுக்கத்தான் என்று நினைத்தேன்.
உரப்பையை இழுத்துக்கொண்டு வந்தாள்,
தை மட்டும் காணும் என்று
சேர்த்து வைத்திருந்த
சிரட்டை முழுவதும்.