வெள்ளத்துக்கு முந்தின மாலை

பத்திரம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் எழுதியது.
கிழக்கே ஹெல்லம் நிலம், மேற்கே மக்ரேடி நிலம்,
இரண்டுக்கும் எல்லை பிளம் ஓடையின் நடுக்கோடு.
எழுதியவர் ஓடையை
ஒரு ஆகஸ்ட் மாதத்தில் பார்த்திருக்க வேண்டும்.

நான் சர்வேயர்.
வெள்ளம் வடிந்த ஒன்பதாம் நாள்
முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன்.
மொன்டானாவில் ஜூன். மலையில் இன்னும் பனி.
பழைய ஓடையில் கூழாங்கல், சுருண்ட பாசி,
வாய் திறந்தபடி ஒரு ட்ரௌட் மீன்.
இருநூற்றுப் பத்தடி தள்ளி
டாக்னி ஹெல்லத்தின் குதிரைமசால் வயலை
நடுவாகக் கிழித்துக்கொண்டு
புது ஓடை.
பழக்கப்பட்ட இடம் மாதிரியே ஓடியது.

சட்டம் கேட்பது ஒரே கேள்வி:
மெல்லவா, திடீரென்றா?
மெல்ல நகர்ந்திருந்தால்
எல்லையும் கூடவே நகரும், பதினோரு ஏக்கர் மக்ரேடிக்கு.
ஒரே தாவாகத் தாவியிருந்தால்
எல்லை வறண்ட கல்லிலேயே கிடக்கும்,
தண்ணீர் முழுக்க டாக்னியின் நிலத்துக்குள்.
ஓரின் மக்ரேடிக்கு நூற்று நாற்பது மாடு.
அவற்றுக்குத் தண்ணீர்ப் பாத்தியம்
அவன் பாட்டன் காலத்திலிருந்து உண்டு.
பாத்தியம் இருக்கிறது, பாதை இல்லை.
மாடுகள் கம்பிவேலியில் மோவாயை வைத்து
அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றன.

கோர்ட்டில் விமானத்திலிருந்து எடுத்த படங்கள் விரிந்தன.
மூன்று வேறு வருடங்கள்.
மூன்றிலும் ஓடை கொஞ்சம் கொஞ்சம் கிழக்கே,
தூக்கத்தில் போர்வையை இழுக்கும் ஆள் மாதிரி.

டாக்னியின் வக்கீல் அவளிடம்
ஒரே வார்த்தை சொல்லச் சொல்லியிருந்தார்.
அவள் கூண்டில் ஏறி,
“வேலியை மூன்று தடவை பின்னால் நட்டேன்” என்றாள்.
வக்கீல் பேனாவை மூடினார்.
“நாலடி, ஐந்தடி, கடைசியாக ஐந்தடி.
அது மெல்ல.
அந்த ராத்திரி வேறு.
கரையிலிருந்த பாப்லர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.
ஏழு வரை எண்ணினேன்,
அப்புறம் பூட்ஸ் மாட்டிக்கொண்டேன்.”

நீதிபதி என் பக்கம் திரும்பினார்.
“அப்படியானால் முந்தின மாலை ஓடை எங்கே இருந்தது?”

என் கருவிக்கு
நான் நிற்கிற இடம் விரற்கடை பிசகாமல் தெரியும்.
நேற்றுத் தண்ணீர் நின்ற இடம் தெரியாது.

டாக்னிதான் சொன்னாள்:
“அன்றைக்குக் கன்றுக்குக் காய்ச்சல்.
வில்லோ மரத்தில் வாளி தொங்கும்.
எடுத்து, குனிந்தால் தண்ணீர்.
ஓரடி நடக்க வேண்டியதில்லை.”

வாளி அங்கேயே தொங்கியது, பாதி மணலோடு.
மரத்திலிருந்து மேற்கே ஒன்பதடி அளந்து
பித்தளைக் குமிழ் அடித்தேன்.
பதினோரு ஏக்கரில் முக்கால் மக்ரேடிக்கு,
மீதி டாக்னிக்கு.
மாடுகளைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை.

வெளியே லாரி முகப்பில் காகிதத்தைப் பரப்பி
இரண்டு பேரும் பேரம் பேசினார்கள்.
அவன் பணம் சொன்னான்.
அவள், விழுந்த ஏழு மரத்தையும்
வயலிலிருந்து இழுத்துப் போடச் சொன்னாள்.
அவன் ஐந்து என்றான்.
மரம் ஐந்தா ஏழா, எனக்குத் தெரியாது;
பதிவுக்கு வந்தது இது:
வழிநடை பாத்தியம், அகலம் இருபதடி,
கால்நடைக்கு மட்டும்,
கேட்டைத் திறந்தவர் மூட வேண்டியது.
“நீர் ஓடும் வரை” என்று டைப் அடித்திருந்ததை
டாக்னி அடித்துவிட்டு
மேலே கையால் எழுதியிருந்தாள்:
‘ஓடை எங்கே போனாலும் அதுவரை.’

அதை எப்படி வரைவது?
வில்லோவில் தொடங்கி இரண்டு கோடு இழுத்தேன்.
கிழக்கு முனையை மூடவில்லை.
நீலத்தில் ஓடையைப் போட்டு
பக்கத்தில்
தேதியும், காலை பத்தேகால் என்று நேரமும் எழுதினேன்.